அண்ணன் பெயரில் பறந்தவன்

ஜோசப்புக்கு விமானம் ஓட்டத் தெரியும் என்பதைப் புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் பாதிப் பேர் நம்பவில்லை. மீதிப் பேர், முந்நூறு பேரை ஏற்றிக்கொண்டு கண்டம் விட்டுக் கண்டம் போகிற பெரிய விமானத்தை அவன் ஓட்டுகிறான் என்று நம்பினார்கள். இரண்டுமே தப்பு. அவன் பிரான்சில் லியோன் நகரத்துக்கு வெளியே குடியிருக்கும் லிஃப்ட் மெக்கானிக். சனிக்கிழமை ஆனால் ஒரு விமானச் சங்கத்துக்குப் போவான். நாலு பேர் முட்டியோடு முட்டி இடிக்க உட்காரும் சின்ன விமானம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் மேலே சுற்றிவிட்டு இறங்குவான். சொந்த சந்தோஷத்துக்கு ஓட்டிக்கொள்ளலாம், பிழைப்புக்கு ஓட்டக் கூடாது என்று சொல்லும் லைசென்ஸ் அவனிடம் இருந்தது.

அந்த லைசென்ஸில் இருந்த படம் அவனுடையது, கையெழுத்தும் அவனுடையது. பெயர் அவனுடைய அண்ணன் மிக்கேலுடையது.

பிரான்சில் எல்லாரும் அவனை மிஷேல் என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்திமூன்று வருஷமாகக் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் வாய் பதில் சொல்லிவிடும், அதற்கப்புறம் அண்ணன் முகம் ஞாபகத்துக்கு வரும். பழகிப்போயிருக்க வேண்டும். பழகவில்லை. கல்யாணம்கூட அதனால்தான் நடக்கவில்லை. இரண்டு பெண்களோடு பேச்சு நிச்சயம் வரைக்கும் வந்தது. கோவிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிப்பார்களே, எந்தப் பெயரை வாசிப்பார்கள் என்று நினைத்ததுமே இவன் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவான். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் ஊரில் உள்ள அற்பப் பாவங்களையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, இதை மட்டும் மென்று விழுங்கிக்கொண்டு எழுந்து வருவான்.

ஆகாயத்தில் அந்தத் தொல்லை இல்லை. அங்கே ரேடியோவில் யாரும் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. விமானத்தின் உடம்பில் எழுதியிருக்கிற எழுத்துகளைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கீழே கோபுரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இவன் வெறும் 'கோல்ஃப் பாப்பா', அதாவது ஜி, பி என்ற இரண்டு எழுத்து. அந்த ஒரு மணி நேரம் அவன் யாருடைய பெயரையும் எடுத்துக்கொண்டு ஓடியவன் இல்லை. மற்றவர்கள் பனிமலையைப் பார்க்கப் பறந்தார்கள், இவன் இதற்காகப் பறந்தான்.

அதோடு நின்றிருந்தால் தேவலை. ஒருநாள் வீடியோவில் பேசும்போது மிக்கேலின் மகள் ரூபி கேட்டாள். அவளுக்குப் பதினேழு வயது.

"சித்தப்பா, நம்ம ஊரு மேல ஓட்ட மாட்டீங்களா?"

"ஏன் ஓட்டாம? அடுத்த லீவுக்கு வீராம்பட்டினத்துலேர்ந்து பிள்ளைச்சாவடி வரைக்கும் கடலோரமா ஒரு ரவுண்டு. உங்க வீட்டு மாடிக்கு மேல வந்து றெக்கையை ஆட்டறேன் பாரு."

சொன்ன வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அதற்கு என்னென்ன வேண்டும் என்று விசாரித்தான். பிறந்து வளர்ந்த ஊராகவே இருக்கட்டும், பிரெஞ்சுப் பிரஜைக்கு இந்தியா அயல்நாடு. பிரெஞ்சு லைசென்ஸை நீட்டினால் மட்டும் இங்கே விமானத்தைக் கொடுத்துவிட மாட்டார்கள். இந்திய அரசு அந்த லைசென்ஸைப் பார்த்து, குறிப்பிட்ட காலத்துக்கு ஓட்டிக்கொள்ளலாம் என்று தனியாக ஓர் அனுமதி தரவேண்டும். அதற்குப் பரீட்சை உண்டு, உடம்புப் பரிசோதனை உண்டு. தமிழ்நாட்டில் ஒரு பயிற்சிப் பள்ளிக்காரர் விமானம் தருவதாகச் சொன்னார். ஜோசப் விழுந்து விழுந்து படித்துப் பரீட்சையில் தேறினான். பத்தாவதில் இரண்டு தடவை கோட்டைவிட்டவனுக்கு அந்த வெற்றி தலைக்கு ஏறிவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். அந்த மிதப்பில்தான் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தை நிரப்பினான்.

பிறந்த ஊர்: புதுச்சேரி. முகவரி: ரெட்டியார்பாளையத்து வீட்டு முகவரி. இந்தியாவில் உள்ள நெருங்கிய உறவினர் பெயர்: ஜோசப் ஆனந்த். உறவு: தம்பி.

தன் பெயரைத் தானே தம்பி என்று எழுதும்போது அவனுக்கே விசித்திரமாகத்தான் இருந்தது. ஆனால் எழுதுவதை நிறுத்தவில்லை. யாரோ ஓர் அதிகாரி முத்திரை குத்திவிட்டுப் போகிற காகிதம்தானே என்று நினைத்தான். ஆகாயத்தில் ஏறப்போகிற அந்நியனைப் பற்றிப் பிறந்த ஊரில் போலீஸ் வந்து விசாரிக்கும் என்பது அந்த மரமண்டைக்கு எட்டவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து மிக்கேல் போன் செய்தான்.

"டேய், போலீஸ் வந்தாங்கடா. ஸ்பெஷல் பிராஞ்ச்சாம். நான் வீட்டுல இல்ல. பக்கத்து வீட்டுக் கமலவேணியக்காகிட்ட மிக்கேல் வீடு எதுன்னு கேட்டிருக்காரு. அது, 'இதோ இதான், மிக்கேல் காலேஜுக்கு வேலைக்குப் போயிருக்காரு, சாயங்காலம் வருவாரு'ன்னுருக்கு. அவரு ஃபைலைப் பாக்கறாரு. மிக்கேல் பிரான்சுல இருக்காருன்னு போட்டிருக்கு. எப்படி இருக்கும் சொல்லு?"

மிக்கேலே தொடர்ந்தான்.

"சாயங்காலம் திரும்பவும் வந்தாரு. நான் ஒரு மாதிரி சமாளிச்சு அனுப்பியிருக்கேன். ஆனா நீ நேர்ல வரணுமாம். கூடப் பொறந்தவன்கிட்ட எழுத்துல வாக்குமூலம் வாங்கணுமாம். இப்ப வாபஸ் வாங்கினாதான் சந்தேகம் வரும். கெளம்பி வா, பாத்துக்கலாம்."

திட்டவில்லை. ஏண்டா இப்படிச் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் ஜோசப் அன்று சாப்பிட்டிருப்பான்.

இது எப்படி ஆரம்பித்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அவர்களுடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பிய சொல்தா. சொல்தா வீட்டில் பிள்ளை பிறந்தால் உடனே செய்யவேண்டிய காரியம் இரண்டு. ஒன்று ஞானஸ்நானம். இன்னொன்று பிரெஞ்சுத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவது. மூத்தவன் மிக்கேலுக்கு இரண்டும் ஒழுங்காக நடந்தன. இரண்டு வருஷம் கழித்து ஜோசப் பிறந்தபோது அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார், நாலு மாதத்தில் போய்ச் சேர்ந்தார். சின்னவனுக்கு ஞானஸ்நானத்தோடு நின்றுவிட்டது. அம்மாவுக்குத் தூதரகத்தில் எந்த வாசலில் நுழைந்து எதைக் கேட்பது என்று தெரியாது. அதனால் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த இரண்டு பையன்களில் ஒருவன் பிரெஞ்சுக்காரன், இன்னொருவன் இந்தியன். மிக்கேல் பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, அங்கே பள்ளி இறுதித் தேர்வான பக்கலோரெயாவில் தேறினான். ஜோசப் கவர்மெண்டு பள்ளியில் படித்த லட்சணத்தைத்தான் முன்பே பார்த்தோம்.

மிக்கேலுக்கு இருபது வயதில் லியோனில் இருந்த அத்தை ஓர் ஏற்பாடு செய்தாள். லிஃப்ட் கம்பெனியில் பயிற்சி, தங்க அவள் வீடு. பாஸ்போர்ட் வந்தது, டிக்கெட்டும் வந்தது. கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது மரப்பாலத்துக்கிட்டே ஸ்கூட்டர் சறுக்கி மிக்கேலுக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. கம்பெனி காத்திருக்காது என்றாள் அத்தை. அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அண்ணனும் தம்பியும் அப்போது ஒரே அச்சு. மாவுக்கட்டோடு படுத்திருந்த மிக்கேல்தான் அந்த யோசனையைச் சொன்னான்.

"நீ என் பாஸ்போர்ட்டுல போடா. ரெண்டே வருஷம். அதுக்குள்ள உன் பேருல பேப்பர் போட்டு வாங்கிடலாம், எனக்கும் கால் சரியாயிடும். அப்புறம் நீ உன் பேருல இரு, நான் என் பேருல வரேன்."

ஜோசப் போனான். முதல் வருஷம் மிக்கேல் கடிதத்தில் கேட்டான். இரண்டாவது வருஷம் போனில் கேட்டான். இங்கே ரொம்பக் கெடுபிடி அண்ணா, மாட்டினால் ஜெயில், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றான் ஜோசப். அது பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. அவனுக்கு அந்த ஊர் பிடித்துவிட்டது. முதல் சம்பளம், தனி அறை, சாவி போட்டுத் திறக்கிற தபால் பெட்டி, எல்லாம் பிடித்துவிட்டது. அடுத்த பாஸ்போர்ட்டில் அவனுடைய படமே ஏறியது, அதற்கடுத்ததில் அவனுடைய கைரேகையும் ஏறியது. மூன்றாவது வருஷத்திலிருந்து மிக்கேல் கேட்பதை விட்டுவிட்டான்.

மிக்கேல் என்கிற ஒருவன் லியோனில் லிஃப்ட் ரிப்பேர் செய்துகொண்டிருக்கும்போது, அதே மிக்கேல் புதுச்சேரியில் வேலைக்கு மனுப் போடமுடியாது. ஆகவே வீட்டில் மிச்சம் கிடந்த பெயரை மிக்கேல் எடுத்துக்கொண்டான். ஜோசப் ஆனந்த், பத்தாவது ஃபெயில். அந்தச் சான்றிதழுக்கு ஒரு தனியார் கல்லூரியில் அட்டெண்டர் வேலை கிடைத்தது. ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் ஓட்டர் லிஸ்ட்டிலும் அவன் ஜோசப் ஆனந்த். தெருவுக்கு மட்டும் மிக்கேல். அந்தத் தம்பியின் பெயரிலாவது பிரெஞ்சுக் காகிதம் வாங்கலாமென்றால், தூதரக வாசலில் சின்ன வயதிலிருந்தே அவன் முகம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அந்தப் பக்கமே தலைகாட்ட முடியவில்லை. பென்ஷன் வாங்கும் சொல்தா விதவைகள், தாங்கள் இன்னும் உயிரோடு இருப்பதாக வருஷா வருஷம் பிரான்சுக்கு எழுதவேண்டுமே, அந்தக் கடிதங்களை அட்டெண்டர் மிக்கேல்தான் இலவசமாக எழுதித் தருவான். அட்டெண்டர் கையில் இவ்வளவு அழகான பிரெஞ்சா என்று யாரும் கேட்டதில்லை.

ஜோசப் சென்னையில் இறங்கிப் பேருந்து பிடித்து வந்து சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. மிக்கேலின் மனைவி அகஸ்டினா தட்டை வைத்து வஞ்சிரம் குழம்பு ஊற்றினாள். மிக்கேல் எதிரில் உட்கார்ந்து, விமானத்தில் என்ன சாப்பாடு போட்டார்கள் என்று விசாரித்தான். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. எழுந்து தண்ணீர் எடுக்கப் போகும்போது பழைய கால் லேசாக இழுத்தது. ஜோசப் சோற்றையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டான்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வராரு. பேரு இளம்பரிதி. நல்ல மனுஷன்தான். நீ ஒண்ணும் பேசவேணாம், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றான் மிக்கேல்.

"அண்ணா, உண்மையைச் சொல்லிடலாமா?"

"சொல்லிட்டு? வேலை போவும், வீடு போவும், உன்னைப் புடிச்சு உள்ள வெப்பான். வயசு நாப்பத்தொண்ணு ஆச்சு, இங்க வந்து இன்னா பண்ணுவே? பத்தாவது ஃபெயில் சர்டிபிகேட்டும் இப்ப எங்கிட்ட இருக்கு." மிக்கேல் சிரித்தான். கல்லூரியில் ஏதோ வேலை என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அகஸ்டினா சிரிக்கவில்லை. கணவனின் சைக்கிள் தெருமுனை திரும்பும் வரைக்கும் காத்திருந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன். இதை உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு. பரவால்ல, அந்தப் பாவம் எனக்கு வரட்டும்."

"சொல்லுங்கண்ணி."

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஸாகிப்புன்னு ஒரு வக்கீல்கிட்ட போனோம். ரூபி பத்தாவதுக்கு வர்றதுக்குள்ள ஏதாவது வழி உண்டான்னு கேக்கத்தான் போனோம். அவரு கோவில் ஞானஸ்நானப் பதிவு, ஆஸ்பத்திரிப் பதிவு, ஸ்கூல் படம் எல்லாத்தையும் பாத்தாரு. கேசு போடலாம், பேரு திரும்பக் கெடைக்கும், உங்களுக்கு மிஞ்சிப்போனா அபராதம்னாரு. எனக்குச் சந்தோஷம் தாங்கல. அப்புறம் சொன்னாரு, பேரை எடுத்துக்கிட்டுப் போனவரை மட்டும் அந்த ஊருல இருக்க வுட மாட்டாங்கன்னு."

ஜோசப் நிமிர்ந்து பார்த்தான்.

"அந்த நிமிஷமே எழுந்துட்டாரு உங்க அண்ணன். வணக்கம் சொல்லிட்டு வந்துட்டாரு. வர்ற வழியெல்லாம் நான் அழுவறேன், அவரு எனக்குக் கரும்புச்சாறு வாங்கித் தராரு. மிக்கேல் பொண்ணா இருந்தா ரூபியும் அந்த நாட்டுப் பொண்ணு. அவளும் மாங்கு மாங்குன்னு பிரெஞ்சு படிக்கிறா. ஆனா ஜோசப் ஆனந்து பொண்ணுக்கு அங்க இன்னா இருக்கு?" அகஸ்டினா குரலை உயர்த்தவே இல்லை. "உங்களுக்கு மேல பறக்கணும்னு ஆசை வந்துச்சு. கீழ இருக்கறவங்க ஞாபகம் வரவே இல்லையா தம்பி?"

இத்தனை வருஷமாக ஜோசப் தனக்குள் ஒரு சமாதானம் வைத்திருந்தான். திருப்பித் தர வழியில்லை, அண்ணனுக்கும் வாங்கிக்கொள்ள வழியில்லை, விதி அப்படி என்று. வழி இருந்திருக்கிறது. அண்ணன் அதன் வாசல் வரைக்கும் போய், தம்பிக்காகத் திரும்பி வந்திருக்கிறான். ஆறு வருஷத்துக்கு முன்னால் என்றால் ஜோசப் விமானம் ஓட்டப் பழக ஆரம்பித்த வருஷம். நாளைக்கு எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவது என்று அப்போதே முடிவு செய்தான். அண்ணனிடம் சொன்னால் தடுப்பான், சொல்லாமலே செய்துவிடவேண்டும்.

முடிவு செய்வது சுலபம். மறுநாள் பத்து மணிக்கு இளம்பரிதி வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஃபைலைத் திறந்து, "சார், நீங்கதான் மிக்கேலா?" என்று கேட்டதுமே ஜோசப்பின் வாய், "ஆமா சார்" என்றது. இருபத்திமூன்று வருஷப் பழக்கம். அவன் யோசிப்பதற்குள் அது முந்திக்கொண்டது.

"ஏரோப்ளேன் ஓட்டுவீங்களா? பெரிய விஷயம் சார்." இளம்பரிதி உண்மையாகவே மரியாதையோடு பார்த்தார். பிறகு மிக்கேலின் பக்கம் திரும்பினார். "உங்க பேருங்க?"

"ஜோசப் ஆனந்த் சார்."

"பக்கத்து வீட்டம்மா உங்களையில்ல மிக்கேல்னு சொல்லுது?"

"எங்கம்மா ரெண்டு பேரையும் அந்தப் பேரு சொல்லித்தான் சார் கூப்பிடும். எங்க குலசாமி மாதிரி, மிக்கேல் சம்மனசு மேல அவ்வளவு பக்தி. தெருவுல அதையே புடிச்சிக்கிட்டாங்க."

"ஆனா பாத்தா நீங்கதான் பெரியவரு மாதிரி இருக்கீங்க."

"அவரு குளிர்ல இருக்காரு சார், கெடாம இருக்காரு. நாங்க வெயில்ல காயறோம், கருவாடாயிட்டோம்."

இளம்பரிதி வாய்விட்டுச் சிரித்தார். ஜோசப்பும் சிரிக்கவேண்டியிருந்தது. இப்போது சொல், இப்போது சொல் என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. உதடு ஒத்துழைக்கவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை. லியோனில் தன் அறை, சாவிக்கொத்து, சனிக்கிழமை, எல்லாம் கண் முன்னே வந்து வரிசையாக நின்றன.

இளம்பரிதி வெள்ளைத்தாளை எடுத்து மிக்கேலிடம் கொடுத்தார். "நான் சொல்றதை உங்க கையால எழுதுங்க. ஜோசப் ஆனந்த் ஆகிய நான், மேற்படி முகவரியில் குடியிருந்து வருகிறேன். மிக்கேல் என்பவர் என்னுடன் பிறந்த அண்ணன். அவரைப் பிறந்ததிலிருந்து நான் அறிவேன்..."

மிக்கேல் எழுதினான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நாற்காலிக் கைமேல் ஃபைல் அட்டையை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக அழகாக எழுதினான். 'அண்ணன்' என்ற இடத்தில் பேனா தயங்கும் என்று ஜோசப் எதிர்பார்த்தான். தயங்கவில்லை. அடியில் ஜோசப் ஆனந்த் என்று ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டான். இவ்வளவு நல்ல கையெழுத்தை அந்தப் பெயருக்கு ஜோசப் ஒருநாளும் போட்டதில்லை.

"இவரும் ஒரு கையெழுத்துப் போடணும்" என்றார் இளம்பரிதி.

மிக்கேல் எழுந்து வந்தான். தாளை இரண்டு கையாலும் நீட்டினான்.

"இந்தாங்கண்ணா. நீங்களும் ஒண்ணு போட்டுடுங்க."

ஜோசப் அந்தக் கைகளையே பார்த்தான். விழுந்தால் தூக்கிவிட்ட கை அது. ஸ்கூலுக்குக் கூட்டிக்கொண்டு போன கை. அடித்த கை, அடித்துவிட்டுக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்த கை. அந்த மனுஷன் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் தம்பியை அண்ணா என்கிறான், நீங்க என்கிறான். இளம்பரிதி பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும், அதுவும் ஓர் அண்ணன் தம்பியிடம் சொல்கிற மாதிரி சொல்லியாக வேண்டும்.

"சரிடா. குடு" என்றான்.

வாழ்க்கையில் மிக்கேலை அவன் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. மிக்கேல் தலையை ஆட்டி, பேனாவையும் கொடுத்தான். ஜோசப் கையெழுத்துப் போட்டான். போட்டு நிமிரும்போது ரூபி தட்டில் டீயோடு வந்து நின்றாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். முதலில் இளம்பரிதிக்குக் கொடுத்தாள். அப்புறம் ஜோசப்பிடம் வந்தாள்.

"பெரியப்பா, டீ எடுத்துக்குங்க."

நேற்று வரைக்கும் சித்தப்பா என்று கூப்பிட்ட பெண். யாரும் சொல்லித்தரவில்லை. அப்பா எடுத்த பாரத்தின் ஒரு முனையைத் தானும் தூக்கிக்கொண்டாள், அவ்வளவுதான். ஜோசப் டம்ளரை வாங்கினான். டீ கையில் சிந்தியது. சமையலறை வாசலில் நின்றிருந்த அகஸ்டினா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இளம்பரிதி டீயைக் குடித்து முடித்து, தாள்களை ஃபைலில் வைத்துக் கட்டினார். "ஒண்ணும் பிரச்சனை இல்ல சார். இன்னிக்கே ரிப்போர்ட் மேல அனுப்பிடறேன். பறக்கறப்போ ஸ்டேஷன் மேல ஒரு தடவை வாங்க, கையாட்டறோம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மிக்கேல் பெரிய மூச்சு ஒன்று விட்டான். தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு ஜோசப்பின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான்.

"முடிஞ்சிதுடா. அவ்ளோதான். போய் நல்லா பற. ரூபிகிட்ட சொன்ன மாதிரி றெக்கையை மட்டும் மறக்காம ஆட்டிடு, மாடியில நிப்போம்."

உள்ளபடியே சந்தோஷமாகச் சொன்னான். வேஷம் இல்லை, குத்தல் இல்லை. ஜோசப் அந்த முகத்தைப் பார்த்தான். வெளியே பைக் ஸ்டாண்டை எடுக்கிற சத்தம் கேட்டது. டம்ளரைத் தரையில் வைத்தான். செருப்புப் போடாமலே ஓடினான்.

இளம்பரிதி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தார். ஃபைல் வண்டியின் முன்னால் பையில் செருகியிருந்தது.

"சார், ஒரு நிமிஷம். அந்தப் பேப்பரை அனுப்பாதீங்க."

"ஏன் சார், ஏதாவது விட்டுப்போச்சா?"

"அது பொய் சார்." ஜோசப் ஃபைலைக் காட்டினான். "அதுல எழுதியிருக்கறது பொய். அவரு என் தம்பி இல்ல."

இளம்பரிதி ஹெல்மெட்டைக் கழற்றினார். பக்கத்து வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த கமலவேணி, கையில் ஈரப் புடவையோடு எட்டிப் பார்த்தாள்.

கேட்டைத் தள்ளிக்கொண்டு மிக்கேல் காலை இழுத்து இழுத்து ஓடி வந்தான். பின்னால் ரூபியும் அகஸ்டினாவும் வந்து வாசலில் நின்றார்கள்.

"டேய் ஜோசப்! வாயை மூடிக்கிட்டு உள்ள வாடா!" என்று மிக்கேல் கத்தினான். தெருவே கேட்கும்படி, அம்மா செத்த பிறகு அந்த வீட்டில் யாரும் கத்தாத குரலில் கத்தினான். கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. அப்படியே நின்றுவிட்டான்.

இளம்பரிதி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வண்டிக்குத் திரும்பவும் ஸ்டாண்டைப் போட்டார். பையிலிருந்து ஃபைலை உருவினார்.

"ஜோசப் நீங்கதானே?" என்று மிக்கேலைக் கேட்டார். "நீங்களே ஜோசப்னு யாரைக் கூப்பிடறீங்க?"

மிக்கேல் தம்பியைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினான். வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"என்னைத்தான் சார்" என்றான் ஜோசப். "நான்தான் ஜோசப் ஆனந்த். அவரு எங்க அண்ணன் மிக்கேல்."